ஆறாம் வரியின் காற்புள்ளி

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சாய்ந்தபடி நலம். நீ எஞ்சின் அறையில் எண்ணெய்ப் பிசுக்கோடு நலமாக இருப்பாய். தலைக்குக் குளிக்கிறாயா?

உன் போன கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வழக்கம்போலச் சிவப்பு மையில் திருத்தியாயிற்று. ஒன்பது பிழை, ஒன்பதும் ர, ற. ‘கப்பலை விட்டு இரங்கினேன்’ என்கிறாய். கப்பல்மேல் உனக்கு என்னடா இரக்கம்? ‘நேற்று எல்லோரும் கரி சாப்பிட்டோம்’ என்கிறாய். எஞ்சின் அறைக்காரர்கள், சாப்பிட்டாலும் சாப்பிடுவீர்கள். ‘தவரு’ என்று இரண்டு இடத்தில். தவறு என்ற சொல்லையே தவறாக எழுதுகிற ஆள் உலகத்தில் நீ ஒருவன்தான். அரசு அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் புரூஃப் பார்க்கிறவளின் தம்பி என்று வெளியில் சொல்லிவிடாதே.

இனி என் கதை. முதுகுத்தண்டில் தொடங்கி இடது பாதம்வரை இறங்கும் இந்த நரம்பு வலியோடு நான் ஒன்பது வருடமாகக் குடித்தனம் நடத்துவது உனக்குத் தெரியும். எப்படி வந்தது என்பதும் தெரியும், அதை விடு. அந்த மாத்திரை இருந்ததால் நான் மனுஷியாக உட்கார்ந்து வேலை பார்த்தேன். கட்டுப்பாட்டு மருந்து என்பதால் வாரத்துக்கு ஏழு நாளுக்குத்தான் தருவார்கள். காலி அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மருந்துக்கடைக்காரருக்கு நான் வைத்திருக்கும் பெயர் கொடாக்கண்டன். நவம்பரில் ஒரு வாரம் சரக்கே இல்லை என்று என்னை நாலு முறை நடக்கவிட்டார். நாலு முறையும் ‘வழங்கப்படவில்லை’ என்று எழுதி அதற்கும் கையெழுத்து வாங்கினார். இல்லாததற்குக் கையெழுத்து வாங்கிய முதல் மனிதர் அவர்தான்.

புது வருடத்தோடு புது விதி வந்திருக்கிறது. கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

“நரம்பு வலி இருக்கற எல்லாருக்கும் குடுக்க முடியாதும்மா. புற்றுநோய் நரம்பு வலின்னு போட்டிருக்கு. உங்களுக்குப் புற்றுநோய் இல்லையே.”

“அப்ப அதை வரவெச்சுக்கிட்டு வரட்டுமா?” என்று கேட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

சுவரில் இருந்ததைப் படித்தேன். பழக்க தோஷம், விதியைவிடப் பிழைதான் முதலில் கண்ணில் பட்டது. ஐந்தாவது வரியில் ‘பதிவு பெற்ற, மருத்துவரின் பரிந்துரைப்படி’ என்று நடுவில் ஒரு காற்புள்ளி, வேண்டாத இடத்தில். எங்கள் அச்சகத்தில் அச்சானதுதான். நாங்கள் நாலு பேர் திருத்துகிறோம், எந்தக் கழுதை திருத்தியதோ.

கவலைப்படாதே. டாக்டரம்மாவிடம் பேசியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

நான் நல்ல சுகம். தலைக்குக் குளித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், போதுமா? உன் முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டால் திட்டுவாய், ஆனாலும் கேட்கிறேன்.

உன் கடிதம் இரண்டு துறைமுகம் தாண்டி வந்து சேர்ந்தது. எனக்கு விதியும் வேண்டாம், வரியும் வேண்டாம். இங்கே கப்பல் நிற்கும் ஊரில் நீ சாப்பிடும் அதே மாத்திரையைக் கடையில் கேட்டால் தருகிறார்கள். டாக்டர் சீட்டுகூடக் கேட்பதில்லை. என் கருவிப் பெட்டியில் ஸ்பேனர்களுக்கு அடியில் ஒரு சிரிய டப்பா இருந்தால் எவன் பார்க்கப் போகிறான்? ‘சரி’ என்று ஒரு வார்த்தை எழுது. வேரு எதுவும் எழுத வேண்டாம். மரந்துவிடாதே.

அச்சகத்தில் உன்னை இன்னும் காற்புள்ளி அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்களா? நீ சாய்ந்து நடப்பதைப் பார்த்து வைத்தார்கள் என்றாலும், சரியான பெயர்தான். நீ இருக்கும் இடத்தில் எல்லோரும் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டியிருக்கிறது.

உன் தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு கட்டுக்குள் இருக்கிறது. நீ சாப்பாட்டு வேளையைத் தவறவிடாமல் இருந்தால் நானும் பாதி நலம்.

உன் கடிதம் திருத்தி இத்துடன் வருகிறது. மூன்றே பிழை. தேறிவிட்டாயோ, கடிதம்தான் சின்னதோ?

சரி என்று எழுத மாட்டேன். உன்னைப் பிடித்தால் உள்ளே போடுவார்கள். அது ஒரு பக்கம். இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொன்னால் வீம்பு என்பாய், சொல்லு. வலி என்னுடையது, பெயர் என்னுடையது. ஒன்பது வருடம் என் பெயரில் கையெழுத்துப் போட்டு வாங்கிய மாத்திரையை இனி ஸ்பேனருக்கு அடியிலிருந்து எடுத்துத் தின்ன வேண்டுமா? நான் என்ன திருடியா?

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டுவிட்டார். “நான் எழுதிக் குடுத்தா என் பதிவையே ரத்து பண்ணிடுவாங்க. மூணு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்திடணும்னு உத்தரவு. மருந்துக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு ஒரு மனு போடுங்க, நான் சான்று தரேன்” என்றார். போட்டாயிற்று.

மாத்திரை பாதியாகிவிட்டது. காலில் யாரோ சூடான கம்பியை நுழைத்து நிதானமாகத் திருகுகிற மாதிரி இருக்கிறது. உட்கார முடியவில்லை. ஆகவே இரும்பு அலமாரியின்மேல் புரூஃபை வைத்து நின்றுகொண்டே திருத்துகிறேன். மதியம் மேசைக்கு அடியில் தரையில் மல்லாந்து படுக்கிறேன். எல்லோரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள். மேலாளர் ஒருநாள் தாண்டும்போது, “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டார். “மேல இருந்து பாத்தா எப்படித் தெரியுது?” என்றேன்.

மருந்துக்கடை வரிசையில் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள். தையற்காரி. முகத்து நரம்பில் வலி. கன்னத்தில் காற்றுப் பட்டாலே துடித்துப்போவாள், பேசினாலும் துடிப்பாள். துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு, துணி அளவெழுதும் சின்ன நோட்டில் எழுதிக் காட்டித்தான் பேச்சு. அவளுக்கும் மாத்திரை நின்றுவிட்டது. அவளுக்கும் புற்றுநோய் இல்லையாம். அந்த வசதி எங்கள் இருவருக்குமே இல்லை.

இப்போது கேள். அந்த விதியின் ஆறாவது வரியை நேற்று மறுபடி படித்தேன். ‘புற்றுநோய் நரம்பு வலி உள்ளோருக்கு மட்டும் வழங்கலாம்.’ இப்படி யாராவது எழுதுவார்களா? ‘புற்றுநோய், நரம்பு வலி’ என்றுதான் எழுதியிருப்பார்கள். புற்றுநோய் உள்ளவர்களுக்கும் நரம்பு வலி உள்ளவர்களுக்கும் என்று பொருள். நடுவில் ஒரு காற்புள்ளி விழுந்துபோயிருக்கிறது! ஐந்தாவது வரியில் வேண்டாத காற்புள்ளி, ஆறாவது வரியில் வேண்டிய காற்புள்ளி இல்லை. ஏதோ ஒரு கழுதை ஒன்றை எடுக்கப் போய் மற்றொன்றை எடுத்திருக்கிறது. சுகாதாரத் துறையிலிருந்து வந்த மூலப்படியும் திருத்திய புரூஃபும் எங்கள் கிடங்கில் ஒரே கட்டாகக் கட்டிக் கிடக்கும். திங்கட்கிழமை இறங்கித் தேடப் போகிறேன். கழுதை கிடைக்கட்டும், காதைத் திருகுகிறேன்.

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

நலம். நீ எப்படி இருக்கிறாய்? உண்மையைச் சொல்.

கிடங்கில் தேடினாயா? மூலப்படி கிடைத்ததா? தவரு யாருடையது? அச்சகத்தின் தவரு என்றால் மாத்திரை தானாக வந்துவிடும் இல்லையா? ஒருத்தன் செய்த தவருக்கு ஊரே வலிக்க வேண்டுமா? அந்தக் கழுதையை எனக்காகவும் இரண்டு திருகு திருகு.

மூன்று வாரம் முடிந்திருக்கும். இப்போது மாத்திரையே இல்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடுத்த துறைமுகத்தில் உன் கடிதம் காத்திருக்கும் என்று நம்புகிறேன்.

உன் தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

நலம். நீயும் நலம்தானே.

கிடங்கில் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. இங்கே வெயில் தொடங்கிவிட்டது. வேலைக்குப் போகிறேன். நீ எதையும் அனுப்ப வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 25

அன்புள்ள அக்கா,

உடம்பு நன்றாக இருக்கிறது, மனசு இல்லை.

ஏழே வரி எழுதியிருக்கிறாய். அதுகூடப் பரவாயில்லை. நான் எழுதிய கடிதம் திரும்பி வரவில்லை. உறையைக் கிழித்து உள்ளே பார்த்தேன், வெளியே பார்த்தேன், இல்லை. ‘தவரு’ என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தேன் அக்கா, ஒன்றைக்கூட நீ தொடவில்லை. அம்மா போனபோதுகூட என் கடிதத்தைத் திருத்தித்தான் அனுப்பினாய். கண்ணீர் பட்டுச் சிவப்பு மை கலைந்திருந்தது, ஆனாலும் திருத்தியிருந்தாய்.

நீ நலமாக இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. இனி உன் பேச்சைக் கேட்க மாட்டேன். எங்கள் கப்பலின் இரண்டாவது சமையல்காரர் விடுப்பில் ஊருக்கு வருகிறார். பிஸ்கட் டப்பாவில் கொடுத்தனுப்புகிரேன். உன் கதவைத் தட்டுவார். வாங்கிக்கொள். வாங்கிச் சாப்பிடு. அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

உன் தம்பி

மே 12

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரித்தாய். இல்லை, நலமில்லை. நீ எப்படி என்று இந்த முறை முதலிலேயே கேட்டுவிடுகிறேன், கடைசியில் மறந்துபோகும்.

கிடங்கில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதினேன். பொய். அன்றே, பிரித்த முதல் கட்டிலேயே கிடைத்தது. மூலப்படியில் காற்புள்ளி சரியாக இருக்கிறது. முதல் புரூஃபிலும் இருக்கிறது. அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் ‘எடு’ என்பதற்கான சுழி. பக்கத்தின் அடியில் திருத்தியவர் கையெழுத்து.

அந்தக் கழுதை நான்தான்டா.

நவம்பர் 17. கொடாக்கண்டன் கடையில் சரக்கு இல்லாத அந்த வாரம். மாத்திரை இல்லாமல் நாலு நாள் ஆகியிருந்தது. எங்கள் வேலையில் ஒருவர் மூலப்படியை உரக்க வாசிப்பார், காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்துச் சொல்லுவார். புரூஃபில் பார்த்துத் திருத்துவது நான். அன்று அவர் வாசிக்கும் குரலே முதுகில் அடிப்பது போலிருந்தது. “நீங்க போங்க, நானே பாத்துக்கறேன்” என்று அனுப்பிவிட்டேன். ஐந்தாவது வரியின் காற்புள்ளியை எடுக்க நினைத்த கை ஆறாவது வரியில் இறங்கியிருக்கிறது. ஒரு வரி. என் வாயிலிருந்த மாத்திரையை நானே தட்டிவிட்டேன். என் வாயில் மட்டுமென்றால் தொலையட்டும். தையற்காரியின் வாயிலிருந்ததும் போயிற்று. அவள் இப்போது ஊசியில் நூல் கோக்கவே முடியாமல் கடையைப் பூட்டிவிட்டாள்.

மேலாளரிடம் காட்டினேன். நல்ல மனிதர்தான். கதவைச் சாத்திவிட்டு, “இதை யாரும் பாக்கல. அடுத்த மாசம் பழைய கட்டெல்லாம் காகிதக் கூழுக்குப் போகுது, அதோட இதையும் போட்டுடலாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வெளிய தெரிஞ்சா உங்க வேலை போயிடும்” என்றார். அந்த இரண்டு காகிதத்தையும் மட்டும் கூழுக்கு விடாமல் எடுத்து வைத்துக்கொண்டேன். ஆனாலும் ஒரு மாதம் நானும் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். வேலை என்றால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? அந்த மாதம்தான் உன் கடிதம் வந்தது. நீ ‘தவரு, தவரு, தவரு’ என்று எழுதியிருந்தாய். சிவப்புப் பேனாவை எடுத்தேன், திருத்துவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று வைத்துவிட்டேன்.

உன் சமையல்காரர் வந்தார். பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன், அதாவது சாய்ந்திருந்தேன். மூடியைத் திறக்கவும் செய்தேன். உன்னிடம் மறைக்க மாட்டேன். ஒன்றே ஒன்று போட்டால் இன்று தூங்கலாம் என்று தோன்றியது. பிறகு டப்பாவைத் தூக்கிக்கொண்டு தையற்காரி வீட்டுக்குப் போனேன். அவளுக்காவது கொடுக்கலாம் என்று. அவள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நோட்டில் எழுதினாள்: ‘இது தீர்ந்ததும்?’

அப்போதுதான் வாயைத் திறந்தேன். “அந்தக் கமாவை எடுத்தது நான்தான்” என்றேன். முழுக்கச் சொன்னேன். நோட்டை என் முகத்தில் எறிவாள் என்று நினைத்தேன். அவள் ரொம்ப நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்.

‘அப்ப திருப்பிப் போடுங்க.’

அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, சாபமும் இல்லை. தையல் பிரிந்தால் மறுபடி தைப்பது மாதிரி.

ஆகவே போடப் போகிறேன். மூலப்படியை மட்டும் யாருக்கும் தெரியாமல் அனுப்பினால் போதாதா என்று நீ கேட்பாய். போதாது. புரூஃபில் துறையே எடுக்கச் சொன்னது என்று சொல்லிவிடுவார்கள். எடுத்தது நான், அதுவும் கண் தவறி எடுத்தேன் என்று நானே போய்ச் சொன்னால்தான் அது பிழை. இல்லாவிட்டால் அது சட்டம். ஜூன் 10 குழு கூடுகிறது. டப்பாவைச் சமையல்காரரிடமே திருப்பிக் கொடுத்து, கடலில் கொட்டச் சொல்லியிருக்கிறேன். அவரை நன்றாகத் திட்டியும்விட்டேன், பாவம். உன் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடு.

உன் அக்கா

மே 30

அக்கா,

நலம் எல்லாம் பிறகு. போகாதே.

வேலை போய்விடும். பத்திரிகையில் போடுவார்கள். மாத்திரை தின்று மயங்கி அச்சடித்தவள் என்று உன்னைத்தான் சொல்வார்கள், உன் வலியை யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு பிழையை ஒத்துக்கொண்டு என்ன கிடைக்கப் போகிறது? ஆளுக்கு ஆள் எவ்வளவோ மறைத்துக்கொண்டுதான் வாழ்கிறார்கள். மறைத்துக்கொண்டே ஒன்பது வருடம்கூட இருக்க முடியும், எனக்குத் தெரியும். பேசாமல் இரு. இதோடு நிருத்து.

தம்பி

ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

காலில் கம்பி இன்னும் திருகிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் ஏப்ரலில் இருந்ததைவிட நான் நலம். நீ கோபத்தில் கையொப்பத்தில் ‘உன்’ போட மறந்துவிட்டாய். சேர்த்திருக்கிறேன். ‘நிருத்து’ அல்ல, ‘நிறுத்து’. நிறுத்தவில்லை.

போனேன். நீளமான அறை, மூன்று அதிகாரிகள், மனுக்காரர்களுக்கு முதுகில்லாத பெஞ்சு. நான் உட்காரவில்லை. நடுவில் இருந்த அதிகாரி, “உட்காருங்கம்மா” என்றார். “உட்கார முடிஞ்சா இங்க எதுக்கு வரப் போறேன்?” என்றேன். பின் பெஞ்சில் துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தையற்காரி சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு அப்புறம் துடித்தாள் என்பதும் எனக்குத் தெரியும்.

மூலப்படியையும் புரூஃபையும் மேசைமேல் விரித்து, சுழியைக் காட்டி, இது என் கை, இது என் கையெழுத்து என்று சொன்னேன். அதிகாரி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முகத்தில் ஒரு திருப்தி வந்தது. நீ எழுதினாயே, அதேதான்.

“இதுக்குத்தாம்மா இந்தக் கட்டுப்பாடே. இந்த மாத்திரையைத் தின்னா புத்தி மழுங்கிடும். நீங்களே சாட்சி சொல்லிட்டீங்க.”

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “ஐயா, ஒன்பது வருஷம் அதைச் சாப்பிட்டுட்டுத்தான் திருத்தினேன். அந்த ஒன்பது வருஷத்துப் பக்கத்துல ஒரு பிழை காட்டுங்க. அன்னிக்கு நான் சாப்பிடல. சாப்பிடாததாலதான் கை தவறிச்சு.”

“சாப்பிடலங்கறதுக்கு என்ன ஆதாரம்?”

என்னிடம் ஆதாரம் இல்லை. நான் அதை யோசிக்கவே இல்லை. புரூஃப், புரூஃப் என்று அலைந்தவள் இதைக் கோட்டைவிட்டேன். அப்போது பின்னாலிருந்து செருப்புச் சத்தம். திரும்பினால் கொடாக்கண்டன்! கையில் அந்த நோட்டு. யாரும் கூப்பிடவில்லை. தையற்காரி அவர் கடைக்குப் போய் எழுதிக் காட்டியிருக்கிறாள், எனக்கு அப்புறம்தான் தெரியும்.

“நவம்பர் பதிமூணுலேர்ந்து பத்தொம்பது வரைக்கும் சரக்கு இல்லீங்க. இந்தம்மா நாலு தடவை வந்தாங்க. நாலு தடவையும் ‘வழங்கப்படவில்லை’ன்னு எழுதி, கையெழுத்து வாங்கியிருக்கேன். பதினேழாம் தேதி காலைலயும் இருக்கு, பாருங்க. கையெழுத்தே கோணியிருக்கு.”

“உங்களை யார் வரச் சொன்னது?”

“விதிதாங்க. தேவைப்பட்டா நோட்டைக் காட்டணும்னு போட்டிருக்கு. நான் விதிப்படிதான் நடப்பேன்.”

எத்தனை வருடம் அந்த நோட்டைத் திட்டியிருக்கிறேன்! என்னைச் சந்தேகப்பட்டு எழுதிய நோட்டே எனக்குச் சாட்சி சொன்னது. அதிகாரி பக்கத்தைப் புரட்டினார், மறுபடி புரட்டினார். இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். முடிவைப் பிறகு தெரிவிப்பதாகச் சொல்லி எழுந்துவிட்டார்கள்.

மறுநாளே என்னைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மேலாளர் என் சிவப்புப் பேனாவை வாங்கிக்கொள்ளும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் வேறொன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்கம் போய்விட்டது. இரண்டும் வேறு வேறு என்று இப்போதுதான் தெரிகிறது. நீ ஏதாவது எழுது. ஒன்பது வருடம் மறைப்பதைப் பற்றி எழுதியிருந்தாய், புரியவில்லை.

உன் அக்கா

ஜூலை 14

அன்புள்ள அக்கா,

நலமா? மாத்திரை வந்ததா? இந்தக் கடிதத்தை அகராதி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதையாவது சரியாக எழுத வேண்டும் என்று ஆசை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

நாம் அந்த ஸ்கூட்டரைப் பற்றிப் பேசுவதில்லை. நான் ஓட்டினேன், நீ பின்னால் இருந்தாய். மழையில் வழுக்கியது என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். அம்மாவிடமும் அதையே சொன்னேன். பிரேக் கட்டை தேய்ந்திருந்தது எனக்கு முன்னாலேயே தெரியும் அக்கா. இரண்டு வாரமாகத் தெரியும். மெக்கானிக்குக்குத் தன் வண்டியைப் பார்க்க நேரமில்லை. நாளைக்கு மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம் என்று விட்டேன். உனக்கு மாத்திரை அனுப்பத் துடித்தது பாசம் மட்டும் இல்லை.

நீ மூன்று அதிகாரிகள் முன்னால் நின்றுகொண்டு சொன்னாய். நான் கப்பலில் ஒளிந்துகொண்டு காகிதத்தில் சொல்கிறேன். மழை ஒன்றும் செய்யவில்லை. என் தவரு.

உன் தம்பி

ஆகஸ்டு 8

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். இதை இன்று நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அதிலிருந்தே மற்றதைப் புரிந்துகொள். நீ அழுது முடித்துவிட்டு முகம் கழுவி நலமாக இரு.

முதலில் செய்தி. திருத்த அறிவிப்பு வந்துவிட்டது. ஒரே வரி: ‘ஆறாம் வரியில் புற்றுநோய் என்பதற்குப் பின் காற்புள்ளி சேர்த்து வாசிக்கவும்.’ என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் இனிப் புரூஃப் திருத்தக் கூடாது, உரக்க வாசிக்கிற வேலை மட்டும்தான் என்று உத்தரவு. பதவி ஒரு படி கீழே. வலிக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் என்ன கூத்து என்றால், வேலைக்குத் திரும்பிய முதல் நாள் எனக்கு வாசிக்கக் கொடுத்த காகிதமே அந்தத் திருத்த அறிவிப்பு. எழுந்து நின்றேன். திருத்தப்பட்ட வரியையும் சேர்த்து, “புற்றுநோய், காற்புள்ளி, நரம்பு வலி!” என்று வாசித்தேன். எந்திரக் கூடம்வரை கேட்டிருக்கும். “கொஞ்சம் மெதுவா வாசிங்கக்கா” என்றாள், என் இடத்தில் புதிதாக உட்கார்ந்திருக்கும் பெண். “இதை மட்டும் மெதுவா வாசிக்க முடியாது” என்று இன்னொரு முறை வாசித்தேன்.

கொடாக்கண்டன் ஏழு நாளுக்கு அட்டையை எடுத்து வைத்து, நோட்டை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். பின்னால் தையற்காரி நின்றிருந்தாள். துப்பட்டா இல்லை. போன வாரமே வாங்கிச் சாப்பிடத் தொடங்கிவிட்டாளாம். “உங்க குரல் எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் கேக்கறேன்” என்றேன். “கட்டையாத்தான் இருக்கும்” என்றாள். கட்டையாகத்தான் இருந்தது.

இனி உன் கடிதம்.

எனக்குத் தெரியும்டா. ஆஸ்பத்திரியில் இருந்த அந்த வாரமே வண்டியைத் தூக்கிப் போன பட்டறைக்காரர் வந்து சொல்லிவிட்டார். முதல் இரண்டு வருடம் உன்மேல் கோபம் இருந்தது, நிறையவே இருந்தது. நீயாக வந்து சொல்வாய் என்று பார்த்தேன். நீ கப்பலுக்குப் போய்விட்டாய். கோபம் எப்போது போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் போகவில்லை. போன கடிதத்தில் ‘புரியவில்லை’ என்று எழுதியதும் அதனால்தான்.

அச்சகத்தில் சிவப்புப் பேனாவை வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் இருப்பதில் மை நிறைய மிச்சம். இனி அது உனக்கு மட்டும்தான். உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். அகராதி நன்றாக வேலை செய்திருக்கிறது. ஒரே ஒரு சொல்லை மட்டும் அதில் பார்க்க உனக்குத் தோன்றவில்லை போலும். கடைசி வரியில் ர-வை அடித்து ற போட்டிருக்கிறேன். ‘என்’ என்பதையும் தொடவில்லை, முற்றுப்புள்ளியையும் தொடவில்லை. மற்றபடி கடிதம் சரியாக இருக்கிறது.

உன் அக்கா